டிரெஸ்டன் ஃபிராவன்கிர்ஷே: ஒரு கல் குவிமாடத்தைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத் தலைநகரம் டிரெஸ்டன். அங்கே எல்பே ஆற்றுக்குப் பக்கத்தில், நோய்மார்க்ட் சதுக்கத்தில் நிற்கும் லுத்தரன் ஆலயம்தான் ஃபிராவன்கிர்ஷே (‘மாதா ஆலயம்’ என்று பொருள்). 1743இல் கட்டி முடித்தார்கள். 1945இல், இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சுக்குப் பிறகு இடிந்து விழுந்தது. 2005இல் மறுபடி திறந்தார்கள். ஐரோப்பாவின் பரோக் பாணி ஆலயங்களில் இதைவிட ஆடம்பரமானவை நிறைய உண்டு. ஆனால் கட்டியவரின் துணிச்சலும் அவருடைய கணக்குப் பிழையும் இவ்வளவு வெளிப்படையாகத் தெரியும் ஆலயம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சுவரில் அங்கங்கே கறுப்புக் கற்கள் இருக்கின்றனவே, அது என்ன?

படம் பார்த்த எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். கறுப்பாகத் தெரிபவை பழைய ஆலயத்தின் கற்கள். வெளிர் மஞ்சளாகத் தெரிபவை மறுகட்டுமானத்தின்போது புதிதாக வெட்டிச் சேர்த்தவை. அழகுக்காக யாரும் அப்படிக் கோலம் போடவில்லை. இடிபாட்டிலிருந்து எடுத்த கல் எந்த இடத்துக்கு உரியதோ, அந்த இடத்திலேயே வைத்தார்கள். அதனால்தான் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. வடமேற்கு மூலையிலும் கிழக்கே பீடத்தின் பின்பக்கத்திலும் மட்டும் கறுப்பு பெரிய பரப்பாக இருக்கும். அவை விழாமல் நின்ற பகுதிகள்.

கறுப்புக்கு 1945இன் தீ மட்டுமே காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. எல்பே பள்ளத்தாக்கின் மணற்கல்லில் இரும்புச் சத்து உண்டு. வெயிலும் மழையும் பட்டுக்கொண்டே இருந்தால் அது தானாகவே கறுத்துப்போகும். தீயில் சிக்காத மற்ற டிரெஸ்டன் கட்டடங்களும் கறுப்புதான். ஆகவே புதுக் கற்களும் மெல்ல மெல்ல நிறம் மாறும். இப்போது தெரிகிற வித்தியாசம் இன்னும் சில தலைமுறைகளில் மங்கிவிடும்.

கட்டியவர் யார்?

கேயோர்க் பேஹ்ர். 1666இல் பிறந்தவர். தொழிலால் தச்சர். இத்தாலிக்குப் போய்ப் படித்த அரசவைக் கட்டடக் கலைஞர் அல்ல, 1705இல் டிரெஸ்டன் நகராட்சியின் தலைமைத் தச்சராக நியமிக்கப்பட்டவர். சுற்றுவட்டாரக் கிராமங்களில் சிறிய லுத்தரன் ஆலயங்களைக் கட்டிக் கை பழகியிருந்தார்.

அவருடைய வரைபடங்கள் ஒரே முயற்சியில் ஒப்புதல் பெறவில்லை. அரசின் கட்டடத் துறைக்குத் தலைவராக இருந்த வாக்கர்பார்ட் பிரபு திரும்பத் திரும்ப மாற்றச் சொன்னார். க்னோஃபல் என்ற அரசவைக் கலைஞர் மாற்று வரைபடம் ஒன்றே போட்டுக் கொடுத்தார். கடைசியில் 1726 ஆகஸ்ட் 26 அன்று அடிக்கல் நாட்டினார்கள்.

அரசர் கத்தோலிக்கர், ஆலயம் மட்டும் எப்படி லுத்தரன்?

இந்தக் கட்டடத்தின் அரசியலே இதில்தான் இருக்கிறது. சாக்சனி மார்ட்டின் லூதரின் சொந்த மண். கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்து அவர் தொடங்கிய சீர்திருத்தத்தை முதலில் தாங்கிப் பிடித்த நாடு. அதை ஆண்ட அகஸ்டஸுக்கு (‘பலசாலி’ அகஸ்டஸ் என்பார்கள்) போலந்தின் முடிமீது ஆசை வந்தது. போலந்து கத்தோலிக்க நாடு. 1697இல் அவர் கத்தோலிக்கராக மாறினார், முடி கிடைத்தது. அவருடைய மனைவி கிறிஸ்டியானே எபர்ஹார்டினே மாற மறுத்துவிட்டார். மக்களும் மாறவில்லை.

அரசர் ஒரு சபை, ஊர் இன்னொரு சபை என்று ஆகிவிட்ட நிலையில், நகரின் நடுவில் வானளாவ ஒரு லுத்தரன் குவிமாடம் எழுப்புவது நகரத்தார் தங்கள் நம்பிக்கையை ஊரறியச் சொல்வதாக இருந்தது. அரசரும் குறுக்கே நிற்கவில்லை. ஆலயம் யாருடையதாக இருந்தால் என்ன, தன் தலைநகர் வெனிஸ் மாதிரி அழகாகத் தெரிந்தால் சரி என்ற மனப்பாங்கு அவருக்கு. பணம் பெரும்பாலும் நகரத்தாரிடமிருந்தே வந்தது. சால்ஸ்பர்க்கிலிருந்து துரத்தப்பட்ட புராட்டஸ்டன்ட் அகதிகளுக்காகத் திரட்டிய நன்கொடையையும் எடுத்து இதில் போட்டார்கள். கட்டட வரலாற்றில் அதிகம் பேசப்படாத சங்கதி இது.

அரசர் 1733இல் இறந்தார். அவருக்குப் பின் வந்த மகன் 1739இல் அரண்மனைக்குப் பக்கத்தில் ஒரு கத்தோலிக்க ஆலயம் கட்டத் தொடங்கினார். இரண்டும் இன்றும் சில நிமிட நடைத் தூரத்தில்தான் நிற்கின்றன.

லுத்தரன் ஆலயத்துக்கு ஏன் மாதா பெயர்?

அதே இடத்தில் மத்தியகாலத்திலிருந்தே மாதாவுக்கு அர்ப்பணித்த ஓர் ஆலயம் இருந்தது. சீர்திருத்தத்துக்குப் பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. பழையது சிதைந்து, இடமும் போதாமல் போனதால் 1727இல் இடித்தார்கள்.

பரோக் என்பது கத்தோலிக்கப் பாணி இல்லையா?

தொடக்கம் அப்படித்தான். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ரோமில், புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்துக்குப் பதில் சொல்வதுபோல் வளர்ந்த பாணி அது. வளைந்த சுவர்கள், மேலிருந்து கொட்டும் வெளிச்சம், தங்கப் பூச்சு, விண்ணகமே திறந்துகொண்டது போன்ற மேற்கூரை ஓவியங்கள் எல்லாம் உள்ளே வருபவரின் புலன்களை அப்படியே பிடித்துக்கொள்ளும். கோவாவில் போம் ஜீசஸ் பசிலிக்காவைப் பார்த்தவர்களுக்கு அதன் ஆரம்ப கால முகம் ஒன்று பரிச்சயமாக இருக்கும்.

லுத்தரன் சபையின் தேவை வேறு. அங்கே ஆராதனையின் நடுநாயகம் பிரசங்கம். பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் போதகரின் சொல் காதில் விழவேண்டும், முகம் தெரியவேண்டும். நீளமான நடுக்கூடம் வைத்துக் கட்டினால் கடைசியில் இருப்பவருக்கு எதுவும் எட்டாது. பேஹ்ர் செய்தது இதுதான்: வெளியே கிட்டத்தட்டச் சதுரம், உள்ளே வட்டம். நடுவே எட்டுத் தூண்கள். அவற்றைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக மாடங்கள். வட்டத்தின் கிழக்குப் பக்கத்தில் பிரசங்க மேடை, அதற்குப் பின்னால் உயரத்தில் பீடம், பீடத்துக்கு மேலே ஆர்கன் என்ற பெரிய குழல் இசைக்கருவி. பிரசங்கம், இராப்போஜனம், இசை மூன்றும் ஒரே பார்வையில் அடங்கிவிடும்.

படங்களில் பார்க்கும்போது உட்புறம் ஓர் ஓபரா அரங்கம் போலத் தெரிகிறது என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. கேட்பதற்காகவும் பார்ப்பதற்காகவும் கட்டிய இடம் அரங்கம் போல இல்லாமல் வேறெப்படி இருக்கும்? வண்ணமும் வழக்கமான பரோக் தங்க வெள்ளம் அல்ல. இளமஞ்சள், இளஞ்சிவப்பு, வெளிர் பச்சை, நீலம். பளிங்கு போலத் தெரிகிற பல இடங்களில் இருப்பது வண்ணப்பூச்சுதான். உட்குவிமாடத்தில் எட்டு ஓவியங்கள்: நான்கு நற்செய்தியாளர்கள், நான்கு கிறிஸ்தவ நற்பண்புகள். முதலில் தீட்டியவர் ஜியோவான்னி பத்திஸ்தா க்ரோனே என்ற இத்தாலியர். இன்று நாம் பார்ப்பது கிறிஸ்டாஃப் வெட்ஸல் மறுபடி தீட்டியது.

குவிமாடத்தில் அப்படி என்ன விசேஷம்?

முழுக்க முழுக்கக் கல். அதுதான் விசேஷம், அதுதான் தலைவலியும்.

ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே பெரிய குவிமாடங்களை மரச்சட்டம் போட்டு, மேலே செப்புத் தகடு வேய்வதுதான் அன்றைய வழக்கம். எடை குறைவு. பேஹ்ரும் முதலில் அதைத்தான் நினைத்தார். பிறகு மனம் மாறி, மணற்கல்லிலேயே எழுப்பலாம் என்று நகர மன்றத்தைச் சம்மதிக்க வைத்தார். செம்பின் விலையும் அவருக்குக் கைகொடுத்தது. விளைவு: ஏறத்தாழ 12,000 டன் எடையுள்ள குவிமாடம், எட்டு ஒல்லியான தூண்கள்மேல். ஆலயத்தின் மொத்த உயரம் 91 மீட்டர். குவிமாடத்தின் அடிப்பகுதி வெளிப்பக்கமாக விரிந்து, சுவரோடு ஒரே வளைவாக இறங்குவதால், ஊரார் அதை ‘கல் மணி’ என்று அழைத்தார்கள்.

எடை எப்படி இறங்கும் என்று பேஹ்ர் ஒரு கணக்குப் போட்டிருந்தார். தூண்களுக்குப் பின்னால் வெளிச்சுவர் நோக்கி ஆரக்கால்கள் போலக் குறுக்குச் சுவர்கள் ஓடுகின்றன. குவிமாடத்தின் பாரம் அவற்றின் வழியே சரிவாக வெளிச்சுவருக்குப் போய்விடும், தூண்களுக்குக் கொஞ்சம்தான் வரும் என்று நம்பினார். கல் அப்படி நடந்துகொள்ளவில்லை. பாரத்தின் பெரும்பகுதி நேராகத் தூண்களிலேயே இறங்கியது. கட்டும்போதே விரிசல்கள் தெரிந்தன. 1738இல், கத்தோலிக்க ஆலயத்தைக் கட்ட வந்திருந்த கயெட்டானோ கியாவேரி பார்த்துவிட்டு, கல் குவிமாடத்தை இறக்கிவிடச் சொன்னார். போட்டியாளர் சொன்ன யோசனை என்றாலும், அவர் கண்ட குறை பொய்யல்ல.

இறக்கவில்லை. 1743இல் உச்சியில் கூண்டும் சிலுவையும் வைத்து முடித்துவிட்டார்கள். 1760இல், ஏழாண்டுப் போரில், பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் பீரங்கிகள் நகரத்தைத் தாக்கின. நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் குவிமாடத்தில் பட்டுத் தெறித்து விழுந்ததாகச் சொல்வார்கள். பக்கத்தில் க்ராய்ட்ஸ்கிர்ஷே என்ற ஆலயம் எரிந்து நாசமானது. கல்லைத் தேர்ந்தெடுத்ததற்கு அன்று பலன் கிடைத்தது.

ஆனால் விரிசல் மட்டும் நிற்கவே இல்லை. அடைப்பார்கள், மறுபடி விடும். 1920களிலும், பிறகு 1938 முதலும் பெரிய பழுதுபார்ப்பு நடந்தது. கேயோர்க் ரூட் என்ற பொறியாளர் இரும்பு வளையங்களும் கான்கிரீட்டும் சேர்த்துக் கட்டடத்தை இறுக்கினார். இரு நூற்றாண்டு நோய்க்கு ஒருவழியாக மருந்து கிடைத்தது. சில ஆண்டுகளுக்குள் போர் வந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டது.

பேஹ்ர் சாரத்திலிருந்து குதித்து இறந்தாரா?

இல்லை. விரிசலைக் கண்டு மனம் உடைந்து குதித்தார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அவர் 1738 மார்ச் 16 அன்று நோயில்தான் இறந்தார், தன் குவிமாடம் முடிவதைப் பார்க்காமலே. மிச்ச வேலையை அவருடைய மாணவர் ஷ்மிட் முடித்தார். பேஹ்ரின் கல்லறை இப்போது ஆலயத்தின் நிலவறையில் இருக்கிறது.

பாக் இங்கே வாசித்தாரா?

வாசித்தார். காட்ஃப்ரீட் சில்பர்மன் செய்த ஆர்கன் 1736 நவம்பரில் தயாரானது. மூன்று விசைப்பலகைகள், 43 குழல் வரிசைகள். டிசம்பர் 1 அன்று யோஹான் செபாஸ்டியன் பாக் அதில் வாசித்தார். சாக்சனி அரசவை இசையமைப்பாளர் என்ற பட்டம் அப்போதுதான் அவருக்குக் கிடைத்திருந்தது. 1843இல் இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடகர்களை இங்கே நிறுத்தி ஒரு பெரிய பாடற்படைப்பை அரங்கேற்றினார். குவிமாடத்தின் எதிரொலியை அவர் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்.

1945இல் குண்டு விழுந்துதான் இடிந்ததா?

குண்டைவிட, சூடு. பிப்ரவரி 13 இரவில் பிரிட்டிஷ் விமானங்கள் இரண்டு அலையாக வந்தன. மறுநாள் பகலில் அமெரிக்க விமானங்கள் வந்தன. பழைய நகரமே ஒரே தீப்பிழம்பானது. ஆலயம் மட்டும் நின்றது. நிலவறையில் ஒதுங்கியிருந்த ஏறத்தாழ 300 பேர் தப்பி வெளியேறினார்கள்.

ஆனால் சன்னல்கள் வழியே தீ உள்ளே புகுந்து, மர மாடங்களும் இருக்கைகளும் பற்றிக்கொண்டன. உள்வெப்பம் ஏறத்தாழ 1,000 டிகிரியைத் தொட்டது. மணற்கல் அந்தச் சூட்டில் வலுவிழந்து பிளக்கும். எப்போதும் தாங்கவேண்டியதைவிட அதிகம் தாங்கிக்கொண்டிருந்த அந்த எட்டுத் தூண்களுக்கு அது போதும். பிப்ரவரி 15 காலை 10 மணி அளவில் தூண்கள் நொறுங்கின, குவிமாடம் மொத்தமாகக் கீழே இறங்கியது. நாஜிப் பிரச்சாரமும் பிற்கால அரசியலும் ஊதிப் பெருக்கிய இறப்புக் கணக்கை, நகரம் அமைத்த வரலாற்றாளர் குழு 2010இல் தெளிவாக்கியது: அந்தத் தாக்குதல்களில் இறந்தவர்கள் 25,000 பேர் வரை.

ஏன் அவ்வளவு காலம் இடிபாடாகவே விட்டுவைத்தார்கள்?

கிழக்கு ஜெர்மனி அரசுக்கு ஓர் ஆலயத்தைக் கட்டுவதில் ஆர்வமும் இல்லை, பணமும் இல்லை. குப்பையை வாரிக்கொட்டி இடத்தைச் சுத்தமாக்கும் எண்ணம் அவ்வப்போது எழுந்தது. அதைத் தடுத்தவர்களில் முக்கியமானவர் ஹான்ஸ் நாட்லர் என்ற தொல்சின்னப் பாதுகாப்பு அதிகாரி. இடிபாட்டுக் குவியலைச் சுற்றி ரோஜாச் செடிகளை நடவைத்தார். பூந்தோட்டமாகிவிட்ட இடத்தில் லாரியை விட யாருக்கும் கை வராதல்லவா! 1966இல் அதைப் போர் எதிர்ப்பு நினைவுச் சின்னமாக அரசே அறிவித்தது. 1982 பிப்ரவரி 13 அன்று, அரசு விரும்பாத விதத்தில், இளைஞர்கள் மெழுகுவத்தியோடு அங்கே கூடினார்கள். அதன்பின் அது அமைதி இயக்கத்தின் இடமாகவும் ஆனது.

மறுபடி எப்படிக் கட்டினார்கள்?

பெர்லின் சுவர் விழுந்த கையோடு டிரெஸ்டன்காரர்கள் சிலர் ஒன்றுகூடி, 1990 பிப்ரவரியில் உலகத்துக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார்கள். முன்னால் நின்றவர் லூட்விக் குட்லர் என்ற டிரம்பெட் கலைஞர். திருச்சபைக்குள்ளேயே தயக்கம் இருந்தது. வீடில்லாதவர்கள் இருக்கும்போது கல்லில் கோடிகளைக் கொட்டலாமா என்றார்கள் சிலர். இடிபாடுதான் உண்மையான நினைவுச் சின்னம் என்றார்கள் சிலர்.

1993 ஜனவரியில் குவியலைப் பிரிக்கத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 22,000 கன மீட்டர் இடிபாடு. அள்ளிக் கொட்டவில்லை. ஒவ்வொரு கல்லும் குவியலில் எங்கே கிடந்தது என்று குறித்து, அளந்து, படமெடுத்து, எண் போட்டு, தட்டுகளில் அடுக்கினார்கள். விழுந்த இடத்தை வைத்து அது எங்கிருந்து விழுந்திருக்கும் என்று கணினியில் கணக்கிட்டார்கள். முகப்புக் கற்களில் 8,000க்கும் மேல் கிடைத்தன. ஏறத்தாழ 3,800 மறுபடி சுவரேறின. பீடம் மட்டும் 2,000 துண்டுகளாகக் கிடைத்தது. அதை ஒட்டிச் சேர்த்திருக்கிறார்கள். சிதைந்த விளிம்புகள் இன்னும் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது கதவுகளின் கதை. ஓக் மரக் கதவுகளுக்குச் சரியான வரைபடம் எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் கல்யாணம் முடிந்து வெளியே வருபவர்கள் வாசலில் நின்றுதானே படம் எடுத்துக்கொள்வார்கள்? பழைய கல்யாணப் படங்களைக் கொடுங்கள் என்று ஊராரைக் கேட்டார்கள். வந்து குவிந்தன. மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால் தெரிந்த செதுக்கலைப் பார்த்துக் கதவு செய்தார்கள்.

1994 மே 27 அன்று அடிக்கல் நாட்டினார்கள். 2005 அக்டோபர் 30 அன்று பிரதிஷ்டை. மொத்தச் செலவு ஏறத்தாழ 18 கோடி யூரோ, அதில் 10 கோடிக்கு மேல் நன்கொடை. கல் துணுக்கு பதித்த கைக்கடிகாரம்கூட விற்றுப் பணம் சேர்த்தார்கள். 1999இல் மருத்துவ நோபல் பெற்ற குன்டர் ப்ளோபல், சிறுவயதில் டிரெஸ்டன் எரிவதற்கு முன்பும் பின்பும் அந்த நகரைப் பார்த்தவர், பரிசுப் பணத்தின் பெரும்பகுதியை இந்த ஆலயத்துக்கும் நகரின் யூதத் தொழுகைக்கூடத்துக்கும் கொடுத்தார்.

அப்படியானால் இது பழையதா, நகலா?

நகல் என்ற சொல்லோடு எனக்கு உடன்பாடில்லை. நகல் செய்பவர் வெளித்தோற்றத்தைப் பிடித்தால் போதும், உள்ளே கான்கிரீட் ஊற்றிவிடலாம். இங்கே அப்படிச் செய்யவில்லை. கல்லின்மேல் கல் வைத்து, பேஹ்ரின் முறையிலேயே குவிமாடத்தை எழுப்பினார்கள். மாற்றியது அவர் பிழை செய்த இடத்தை மட்டும். தூண்களுக்கு வலுவான மணற்கல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். இழுத்து இறுக்கிய எஃகு வளையம் ஒன்றைக் கட்டடத்தைச் சுற்றிப் போட்டு, பாரம் வெளிச்சுவருக்குச் சரிவாகப் போகும்படி செய்தார்கள். அதாவது, 1730களில் அவர் நினைத்தது நடக்கவில்லை, இப்போது நடக்கிறது.

ஆனால் சுற்றியுள்ள நோய்மார்க்ட் சதுக்கத்தைப் பற்றி இதே உறுதியோடு பேசமாட்டேன். பல வீடுகள் பழைய முகப்பு, உள்ளே புதுக் கட்டடம். கொஞ்சம் நாடக மேடை மாதிரிதான் இருக்கிறது.

ஆர்கனைப் பற்றி ஏன் சண்டை வந்தது?

சில்பர்மன் ஆர்கன் தீயில் போய்விட்டது. கட்டடத்தையே அச்சுப்பிசகாமல் எழுப்பும்போது ஆர்கனையும் அப்படியே செய்யவேண்டாமா என்றது ஒரு தரப்பு. எல்லாக் காலத்து இசையையும் வாசிக்கத் தோதாக வேண்டும் என்றது இன்னொரு தரப்பு. இரண்டாவது தரப்பு வென்றது. ஸ்ட்ராஸ்பர்க்கின் டேனியல் கெர்ன் நான்கு விசைப்பலகைகளும் 68 குழல் வரிசைகளும் கொண்ட ஆர்கனைச் செய்தார். முகப்பு மட்டும் பழையது போல. கட்டடத்தில் காட்டிய பிடிவாதத்தை இதிலும் காட்டியிருக்கலாம் என்பது என் எண்ணம். பெரிய நவீன ஆர்கன் ஐரோப்பாவில் எங்கேயும் கிடைக்கும்.

உச்சியில் இருக்கும் சிலுவை இங்கிலாந்திலிருந்து வந்ததா?

ஆம். பிரிட்டனில் டிரெஸ்டன் அறக்கட்டளை என்ற அமைப்பு பணம் திரட்டிச் செய்து கொடுத்தது. செய்த பொற்கொல்லர்களில் ஒருவரான ஆலன் ஸ்மித்தின் தந்தை, 1945இல் டிரெஸ்டன்மீது குண்டு வீசிய விமானிகளில் ஒருவர். 2004 ஜூன் 22 அன்று அதை மேலே ஏற்றினார்கள். பழைய சிலுவை 1993இல் இடிபாட்டுக்குள் நசுங்கிய நிலையில் கிடைத்தது. அதை நிமிர்த்தவில்லை, வளைந்தபடியே ஆலயத்துக்குள் வைத்திருக்கிறார்கள்.

தமிழர்களுக்கும் டிரெஸ்டனுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

இந்தக் கட்டடத்தோடு இல்லை, நகரத்தோடு உண்டு. 1836இல் டிரெஸ்டனில் ஒரு லுத்தரன் மிஷன் சங்கம் தொடங்கப்பட்டது. 1848இல் லைப்சிக் நகருக்கு மாறி, லைப்சிக் மிஷன் என்று பெயர் பெற்றது. தரங்கம்பாடியில் சீகன்பால்க் தொடங்கிவைத்த பணியை 1840களிலிருந்து எடுத்து நடத்தியவர்கள் இவர்கள்தான். 1919இல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் வேர் அங்கே போகிறது.

குவிமாடத்தின்மேல் ஏறிப் பார்க்கலாமா?

பார்க்கலாம். அதற்குத் தனி வாசல், தனிக் கட்டணம். முதல் பகுதிக்கு லிஃப்ட் உண்டு. அப்புறம் குவிமாடத்தின் உள் ஓட்டுக்கும் வெளி ஓட்டுக்கும் நடுவே சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுப் பாதை, கடைசியில் செங்குத்தான படிகள். பார்வை மாடம் 67 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துப் போகலாம். ஆனால் அந்தச் சரிவுப் பாதையைத் தவறவிடாதீர்கள்: இரண்டு பக்கமும் வெறும் மணற்கல், பூச்சு கிடையாது. வெளியே எடுத்த எந்தப் படத்திலும் தெரியாத பேஹ்ரின் கட்டுமானத்தை அங்கே தொட்டே பார்க்கலாம்.